99 சதவீதத்துக்குப் பக்கத்தில் வாட் எவ்வளவு?

டெல்லித் தமிழர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் கம்ப்யூட்டர் பற்றி எழும் சந்தேகங்களில் இரண்டு மட்டும் ஓயவே ஓயாது. "அண்ணா, கேம் ஓடும்போது ஜிபியு 99-லயே நிக்குது, கார்டு போயிடுமா?" என்பது ஒன்று. "புதுக் கார்டு போட்டும் 40-ஐத் தாண்ட மாட்டேங்குது, நேரு பிளேஸ்ல தலையில கட்டிட்டாங்களா?" என்பது இன்னொன்று. (ஜிபியு என்றால் கிராபிக்ஸ் கார்டின் மூளையான சிப். 99, 40 எல்லாம் அதன் பயன்பாட்டுச் சதவீதம் என்று கம்ப்யூட்டர் காட்டும் எண்கள். நேரு பிளேஸ் டெல்லியின் கம்ப்யூட்டர் சந்தை.) முன்னவருக்கு எண் ஏறிவிட்டதென்று பயம், பின்னவருக்கு ஏறவில்லையென்று பயம். பதில் சொல்ல வருகிறவர்களும் சளைத்தவர்கள் இல்லை. "99 இருந்தாத்தான் காசுக்கு மதிப்பு" என்பார் ஒருவர். "80-க்கு மேல போகவே விடாதீங்க" என்பார் அடுத்தவர். "சூடு கடத்துற பேஸ்ட்டை மாத்துங்க", "விண்டோஸைத் திரும்பப் போடுங்க" என்று மற்றவர்கள் மருந்துச் சீட்டு எழுதிவிடுவார்கள். அந்த எண் எதை அளக்கிறது என்று மட்டும் யாரும் கேட்பதில்லை.

என் கட்சி இதுதான். பயன்பாட்டுச் சதவீதத்தைத் தனியாக வைத்து ஒரு தீர்ப்பும் சொல்ல முடியாது. அதன் பக்கத்தில் கார்டு இழுக்கும் வாட், ஓடும் மெகாஹெர்ட்ஸ், நிரம்பியிருக்கும் விரேம் (கார்டின் சொந்த மெமரி) இந்த மூன்றும் இருந்தால் சதவீதம் பேச ஆரம்பிக்கும். இல்லாவிட்டால் 99-க்கும் 40-க்கும் வித்தியாசம் சொல்ல முடியாது.

டாஸ்க் மேனேஜர் காட்டுவது எந்த எண்

கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். அதில் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் இடது ஓரம் கீழே ஜிபியு 0, லேப்டாப்பாக இருந்தால் பெரும்பாலும் ஜிபியு 1-ம் சேர்த்து இருக்கும். விண்டோஸில் இந்த வசதி 2017 கடைசியில் வந்த 1709 பதிப்பிலிருந்துதான் உண்டு. அதற்கு முன்னால் இதைப் பார்க்க வேறு மென்பொருள் வேண்டும். அப்போதெல்லாம் இந்தக் கவலை கொஞ்சம் குறைவாகத்தான் இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

கிராபிக்ஸ் கார்டு உள்ளே ஒரே இயந்திரமாக இல்லை. படம் வரையும் 3டி பகுதி தனி, டேட்டாவை அங்கும் இங்கும் நகர்த்தும் காப்பி பகுதி தனி, வீடியோவைப் பிரித்துக் காட்டும் டீகோட் தனி, வீடியோவைச் சுருக்கும் என்கோட் தனி, கணக்குப் போடும் கம்ப்யூட் அல்லது என்விடியா கொடுத்த பெயரில் 'கூடா' தனி. டாஸ்க் மேனேஜர் இவற்றைக் கூட்டுவதும் இல்லை, சராசரி எடுப்பதும் இல்லை. இருப்பதிலேயே எந்தப் பகுதி அதிகமாக ஓடுகிறதோ அதன் எண்ணைத் தலைப்பில் போட்டுவிடுகிறது. கல்யாண வீடியோ எடிட் செய்து எக்ஸ்போர்ட் கொடுக்கும்போது 3டி 12-லும் என்கோட் 85-லும் இருந்தால், இடது ஓரத்தில் 85 என்று நிற்கும். கார்டின் பெரும்பகுதி சும்மாதான் உட்கார்ந்திருக்கும்.

இதற்கு நேர்மாறான குழப்பமும் உண்டு. பிளெண்டர் என்ற 3டி மென்பொருளில் ரெண்டர் ஓடுகிறது, கார்டின் ஃபேன் இரைகிறது, டாஸ்க் மேனேஜரைத் திறந்து பார்த்தால் கண்ணெதிரே இருக்கும் நாலு கட்டங்களும் தரையோடு தரையாகக் கிடக்கும். அந்த நாலில் கூடா இல்லை என்பதுதான் காரணம். கட்டத்தின் தலைப்பில் இருக்கும் சின்ன அம்பை அழுத்தி கூடா அல்லது கம்ப்யூட் என்று மாற்றினால் கோடு உயரே போவது தெரியும். ஹார்டுவேர் ஆக்சிலரேட்டட் ஜிபியு ஷெட்யூலிங் என்ற அமைப்பை இயக்கியிருந்தால் என்விடியா கார்டுகளில் கூடா என்ற தேர்வே பட்டியலிலிருந்து மறைந்துவிடுவதுண்டு. அது கோளாறு இல்லை. எந்த மென்பொருள் எந்தப் பகுதியைத் தின்கிறது என்று தெரிய வேண்டுமானால், ப்ராசஸஸ் பக்கத்தில் தலைப்பு வரிசையில் ரைட் கிளிக் செய்து ஜிபியு எஞ்சின் என்ற பத்தியைச் சேர்த்துக்கொள்ளலாம். 'ஜிபியு 0 - 3டி', 'ஜிபியு 1 - வீடியோ டீகோட்' என்று வரிக்கு வரி சொல்லிவிடும்.

யூடியூப் பார்க்கும்போது ப்ராசசர் 60-ல் ஓடுகிறது, கார்டு தூங்குகிறது என்ற புகாருக்கும் பதில் இங்கேயே கிடைக்கும். வீடியோ ஏவி1 என்ற சுருக்கும் முறையில் வந்தால் அதைப் பிரிக்கும் வன்பொருள் கார்டில் இருக்க வேண்டும். என்விடியாவில் ஆர்டிஎக்ஸ் 30 வரிசையிலிருந்து அது உண்டு. ஜிடிஎக்ஸ் 1650-ல் கிடையாது. ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 6600-ல் உண்டு, அதே குடும்பத்தின் ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டியில் கிடையாது. இல்லாத கார்டில் டீகோட் கட்டம் பூஜ்யத்திலேயே இருக்கும், வேலை முழுக்க ப்ராசசர் தலையில் விழும்.

நேரத்தை அளக்கும் எண், உழைப்பை அல்ல

இனி சொல்லப்போவதுதான் எல்லாவற்றுக்கும் அடி. என்விடியா டிரைவரோடு கூடவே வரும் என்விடியா-எஸ்எம்ஐ என்ற சின்னக் கருவி, தன் உதவிப் பக்கத்திலேயே ஜிபியு பயன்பாடு என்றால் என்ன என்று ஒளிவுமறைவில்லாமல் எழுதி வைத்திருக்கிறது. கடந்த ஒரு சிறு இடைவெளியில், ஒரு கெர்னலாவது (கார்டுக்குக் கொடுத்த சிறு நிரல்) கார்டில் ஓடிக்கொண்டிருந்த நேரம் எத்தனை சதவீதம் என்பதுதான் அது. இடைவெளி கார்டைப் பொறுத்து ஒரு வினாடியிலிருந்து ஆறில் ஒரு பங்கு வினாடி வரை. விண்டோஸ் காட்டும் எண்ணும் இந்த வகைதான். ஒவ்வொரு பகுதியும் எவ்வளவு நேரம் கையில் வேலையோடு இருந்தது என்று ஜிபியு ஷெட்யூலரிடமிருந்து வாங்கிச் சொல்கிறது.

நாலு பர்னர் அடுப்பு ஒன்றில், ஒரு பர்னராவது எரிந்துகொண்டிருந்த நேரத்தை மட்டும் குறித்துவைக்கிற மாதிரி இது. சிம்மில் பால் காய்ந்தாலும் 100. நாலிலும் முழுத் தீயில் விருந்து சமைத்தாலும் 100.

ஆர்டிஎக்ஸ் 3060-ஐ எடுத்துக்கொள்வோம். டெல்லியில் நம் பையன்கள் வீடுகளில் பரவலாக இருக்கும் கார்டு அது. உள்ளே 28 எஸ்எம் தொகுதிகள், ஒவ்வொன்றிலும் 128 கோர், மொத்தம் 3584. ஒரே ஒரு த்ரெட்டை (தனி வேலைச் சரட்டை) மட்டும் முடிவில்லாமல் சுற்றவிடும் நாலு வரி கூடா நிரலை எழுதி ஓட்டினால் 28 தொகுதிகளில் 27 சும்மா இருக்கும்; மீட்டர் 100 என்று காட்டும். பொய் சொல்லவில்லை, அதனிடம் கேட்ட கேள்வி அவ்வளவுதான். அந்த நேரத்தில் கார்டு இழுக்கும் வாட்டைப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும். 170 வாட் வரை போகக்கூடிய கார்டு அதில் கால்பங்கைத் தொடுவதே பெரிய விஷயமாக இருக்கும்.

அதனால்தான் வாட் எண்ணை நான் நம்புகிறேன். டிரான்சிஸ்டர்கள் எவ்வளவு மாறி மாறி இயங்குகின்றனவோ அவ்வளவு மின்சாரம் போகும். அதை ஏமாற்ற வழியில்லை. 98 சதவீதம், 165 வாட் என்றால் கார்டு உண்மையிலேயே மூச்சுப் பிடித்து ஓடுகிறது. 98 சதவீதம், 120 வாட் என்றால் ஏதோ ஒன்று அதைத் தடுத்து நிறுத்திவைத்திருக்கிறது: மெமரிக்குக் காத்திருக்கிறது, சூட்டால் வேகத்தைக் குறைத்திருக்கிறது, அல்லது யாரோ வாட் வரம்பைக் குறைத்து வைத்திருக்கிறார்கள். 98 சதவீதம், 50 வாட் என்றால் ஏறக்குறைய வெறும் சிம் தீ.

பார்ப்பது சுலபம். கமாண்ட் ப்ராம்ப்ட் திறந்து என்விடியா-எஸ்எம்ஐ என்று ஆங்கிலச் சிற்றெழுத்தில், நடுவில் ஹைஃபன் போட்டு, ஓர் இடைவெளி விட்டு டிமான் என்று நாலெழுத்து (டி, எம், ஓ, என்) தட்டினால் வினாடிக்கு ஒரு வரி ஓடிக்கொண்டே இருக்கும். வரிசையில் முதலில் கார்டு எண், அடுத்து வாட், அடுத்து டெம்பரேச்சர், பிறகு எஸ்எம், மெம், என்கோட், டீகோட் சதவீதங்கள், கடைசியில் மெமரி வேகமும் கோர் வேகமும். இதில் மெம் என்ற பத்தியைப் பார்த்து விரேம் இத்தனை சதவீதம் நிரம்பிவிட்டது என்று நினைப்பவர்கள் ஏராளம். அதுவும் நேரம்தான்: மெமரியைப் படித்தோ எழுதியோ கொண்டிருந்த நேரம். விரேமில் 12 ஜிபியும் நிரம்பியிருக்க, மெம் பத்தியில் 3 இருக்கலாம்.

கேம் ஆடும்போது திரையிலேயே தெரிய வேண்டுமானால் எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னரும் அதோடு வரும் ரிவா டியூனரும் போதும். எந்தக் கம்பெனி கார்டானாலும் வேலை செய்யும். ஏஎம்டி கார்டுகளுக்கு அட்ரினலின் என்ற அதன் சொந்த மென்பொருளிலேயே இந்த வசதி இருக்கிறது. ஜிபியு பயன்பாடு, பவர், கோர் கிளாக், டெம்பரேச்சர், மெமரி யூசேஜ், ஃப்ரேம் டைம் (ஒரு ஃப்ரேமுக்கு ஆகும் நேரம்) இந்த ஆறுக்கும் டிக் போட்டால் போதும். முப்பது எண்களைத் திரையில் கொட்டிவைத்துக்கொள்பவர்கள் ஒன்றையும் படிப்பதில்லை.

டெஸ்க்டாப்பில் சும்மா இருக்கும்போது 27

கேமே ஓடவில்லை, குரோமில் நாலு டேப் மட்டும் திறந்திருக்கிறது, ஜிபியு 27 காட்டுகிறது, வைரஸா? பெரும்பாலும் இல்லை. வேலை இல்லாதபோது கார்டு தன் வேகத்தை அடிமட்டத்துக்குக் கொண்டுபோய்விடும். 3060 ஓய்வில் 210 மெகாஹெர்ட்ஸில் நிற்கும். கேமில் 1890 வரைகூடப் போகும். ஒன்பது மடங்கு. 210-ல் 27 சதவீதம் நேரம் பிடிக்கும் வேலை, 1890-ல் 3 சதவீதம்தான் பிடித்திருக்கும். விண்டோஸ் சதவீதம் போடும்போது இந்த வேகக் குறைவைக் கணக்கில் எடுப்பதே இல்லை. பக்கத்தில் வாட் 15 என்று இருந்தால் கதை முடிந்தது, தூங்கப் போகலாம்.

ஓய்வில் வாட்டே 30, 40 என்று நின்றால் மட்டும் ஆராய வேண்டும். இரண்டு மானிட்டர் வைத்திருப்பவர்களுக்கு இது சகஜம். ஒன்று 144 ஹெர்ட்ஸ், மற்றது 60 ஹெர்ட்ஸ் என்று இருக்கும்போது கார்டின் மெமரி வேகம் கீழே இறங்க முடியாமல் உச்சத்திலேயே மாட்டிக்கொள்வதுண்டு. முதல் மானிட்டரை 120-க்கு மாற்றிப் பார்த்தால் பல சமயம் இறங்கிவிடும். அசையும் வால்பேப்பர், ஓரத்தில் ஓடிக்கொண்டே இருக்கும் லாஞ்சர், அதனுள் தானாக ஓடும் விளம்பர வீடியோ, இவை அடுத்த சந்தேகக் கேஸ்கள்.

ஏறாத சதவீதம்

இப்போது அந்த 40 சதவீதக்காரர். இவருடைய பயம்தான் உண்மையில் கவனிக்க வேண்டியது, ஆனால் கார்டு பெரும்பாலும் நிரபராதி.

முதலில் அசட்டுக் காரணத்தை ஒதுக்கிவிடலாம். மானிட்டர் கேபிள் எங்கே சொருகியிருக்கிறது? கேபினெட்டின் பின்பக்கம் மேலே, யுஎஸ்பி துளைகளோடு இருக்கும் ஹெச்டிஎம்ஐ மதர்போர்டுடையது. கீழே படுக்கைவசமாக இருக்கும் வரிசைதான் கார்டுடையது. வீடு மாறி வந்தவர்கள் அவசரத்தில் மேலே சொருகிவிடுவார்கள். ப்ராசசரின் உள் கிராபிக்ஸே எல்லாம் வரைந்துகொண்டிருக்கும், அல்லது கார்டு வரைந்த ஃப்ரேமை அங்கே நகலெடுத்துக் கொடுத்துக்கொண்டிருக்கும். லேப்டாப்பில் இதற்கு இணையானது, கேம் ஜிபியு 0-ல் ஓடுவது. செட்டிங்ஸ், சிஸ்டம், டிஸ்ப்ளே, கிராபிக்ஸ் என்று போய் அந்தக் கேமுக்கு ஹை பெர்ஃபார்மன்ஸ் என்று குறித்தால் சரியாகிவிடும்.

அடுத்து, எஃப்பிஎஸ் (வினாடிக்கு எத்தனை ஃப்ரேம்) வரம்பு. 60 ஹெர்ட்ஸ் மானிட்டரில், அதன் வேகத்துக்கு மேல் வரையவிடாத விசிங்க் போட்டிருந்தால் ஒரு ஃப்ரேமுக்குக் கிடைக்கும் நேரம் 16.67 மில்லிசெகண்டு. கார்டு அதை 6.7-ல் வரைந்து முடித்துவிட்டால் மிச்ச நேரம் சும்மாதான் இருக்கும், மீட்டர் 40 காட்டும். இது நல்ல செய்தி. 60 எஃப்பிஎஸ் ஆடாமல் நிற்கிறதா? பிறகென்ன குறை.

வரம்பு எதுவும் இல்லாமல், 144 ஹெர்ட்ஸ் மானிட்டரில், எஃப்பிஎஸ் 70-லும் கார்டு 40-லும் நின்றால்தான் விஷயம். கார்டுக்கு வேலை வந்து சேரவில்லை என்று அர்த்தம். வேலையை எடுத்துக் கொடுக்க வேண்டியது ப்ராசசர். இங்கேதான் எல்லோரும் ஒரு தப்பான சமாதானத்தில் விழுகிறார்கள்: "ப்ராசசரும் 25-தான் காட்டுது, அப்ப அது காரணம் இல்லையே." ஆறு கோர், பன்னிரண்டு த்ரெட் உள்ள ப்ராசசரில் ஒரு த்ரெட் முழுக்கத் திணறினாலும் மொத்தக் கணக்கில் அது 8.3 சதவீதம்தான். கேமின் முக்கியமான த்ரெட் ஒன்று திணறினால் போதும், கார்டு காத்திருக்கும். சிபியு (ப்ராசசர்) வரைபடத்தில் ரைட் கிளிக் செய்து லாஜிக்கல் ப்ராசசர்ஸ் என்று மாற்றிப் பார்த்தாலும் சில நேரம் பிடிபடாது. விண்டோஸ் அந்தத் த்ரெட்டை ஒரு கோரிலிருந்து இன்னொன்றுக்கு இடம் மாற்றிக்கொண்டே இருப்பதால் எந்தக் கட்டமும் 100-ஐத் தொடாது.

சோதிக்க ஒரு நேர்மையான வழி: கேமின் ரெசல்யூஷனை மட்டும் மாற்றுவது. 1080-ல் 70 எஃப்பிஎஸ் என்றால் 720-க்கு இறக்கிப் பாருங்கள். எஃப்பிஎஸ் அப்படியே 70-லேயே நின்றால் கார்டுக்குப் பாரத்தைக் குறைத்தும் பயனில்லை, மூச்சு முட்டுவது ப்ராசசர் பக்கம்தான். மடமடவென்று ஏறினால் கார்டுதான் எல்லை. இன்னும் துல்லியம் வேண்டுமானால் இண்டெல் இலவசமாகத் தரும் பிரசண்ட்மான் இருக்கிறது. எந்தக் கார்டிலும் ஓடும். அதில் ஃப்ரேம் டைம் 14 மில்லிசெகண்டு, ஜிபியு பிஸி 6 மில்லிசெகண்டு என்று வந்தால், மிச்சம் 8 மில்லிசெகண்டும் காத்திருப்பு.

ப்ராசசரே குற்றவாளி என்று முடிவு கட்டுமுன் ரேமைப் பாருங்கள். விலையை ஐந்நூறு ரூபாய் குறைத்துக் காட்டுவதற்காகக் கடைகளில் 16 ஜிபியை ஒரே குச்சியாகப் போட்டுக் கொடுப்பது இன்றும் நடக்கிறது. டிடிஆர்4-3200-ல் ஒரு குச்சி என்றால் வினாடிக்கு 25.6 ஜிபி, இரண்டு சேனலிலும் ஒவ்வொன்று என்றால் 51.2. டாஸ்க் மேனேஜரின் மெமரி பக்கத்தில் ஸ்லாட்ஸ் யூஸ்டு என்ற இடத்தில் '1 ஆஃப் 4' என்று இருந்தால், அதே வகைக் குச்சி இன்னொன்று வாங்கி, ப்ராசசரிலிருந்து எண்ணி இரண்டாவது, நாலாவது ஸ்லாட்டில் போட வேண்டும். ஒன்றிலும் இரண்டிலும் அடுத்தடுத்துச் சொருகினால் பெரும்பாலான நாலு ஸ்லாட் போர்டுகளில் இரண்டும் ஒரே சேனலில் விழுந்துவிடும். அப்படியே அங்கே ஸ்பீட் 2133 அல்லது 2400 என்றிருந்தால் ரேமை அதன் முழு வேகத்தில் ஓடவிடும் எக்ஸ்எம்பியை பயாஸில் இயக்க மறந்திருக்கிறார்கள். ப்ராசசரின் உள் கிராபிக்ஸையே நம்பி ஓட்டுபவர்களுக்கு இந்த இரண்டாவது குச்சி கார்டு மாற்றியது போலவே தெரியும், ஏனென்றால் அவர்களுக்கு ரேம்தான் விரேம்.

ஒன்று சேர்த்துக்கொள்ளலாம். மீட்டர் வினாடிக்கு ஒருமுறைதான் புதுப்பிக்கிறது. அந்த ஒரு வினாடிக்குள் 54 ஃப்ரேம் ஒழுங்காக வந்து ஒரு ஃப்ரேம் மட்டும் 100 மில்லிசெகண்டு முரண்டு பிடித்தால் கை அதை உணரும், சதவீதம் உணராது. திக்கித் திக்கி ஓடுகிறது என்ற புகாருக்கு ஃப்ரேம் டைம் கோடுதான் சாட்சி, பயன்பாடு அல்ல.

99-ஐத் துரத்துபவர்களுக்கும் ஒரு சொல். போட்டிக் கேம்களில் கார்டு எல்லையை முட்டிக்கொண்டு ஓடினால் ப்ராசசர் அனுப்பும் ஃப்ரேம்கள் வரிசையில் தேங்கும். மவுஸை அசைத்ததற்கும் திரை அசைவதற்கும் இடையே நேரம் கூடும். எஃப்பிஎஸ் வரம்பைக் கொஞ்சம் குறைத்து 90-95-க்குள் ஓடவிட்டால் கை லேசாகத் தெரியும். என்விடியாவின் ரிஃப்ளெக்ஸ் செய்வதும் இந்தத் தேக்கத்தைக் குறைப்பதுதான்.

விரேம் நிரம்பிய பிறகு

சதவீதத்தை முழு மூச்சில் ஏமாற்றுவது விரேம். டாஸ்க் மேனேஜரில் ஜிபியு பக்கத்தில் கீழே இரண்டு எண்கள்: டெடிகேட்டட், ஷேர்டு. முதலாவது கார்டின் சொந்த மெமரி. இரண்டாவது கம்ப்யூட்டரின் ரேமில் பாதி வரை கடன் வாங்க விண்டோஸ் கொடுத்திருக்கும் அனுமதி. 8 ஜிபி கார்டும் 16 ஜிபி ரேமும் இருந்தால் மொத்தம் '16 ஜிபி ஜிபியு மெமரி' என்று காட்டும். விற்பவர் அதைக் காட்டி 16 ஜிபி கார்டு என்றால் எழுந்து வந்துவிடலாம்.

சொந்த மெமரியின் வேகமும் கடன் மெமரியின் வேகமும் ஒப்பிடவே முடியாதவை. ஆர்டிஎக்ஸ் 4060-ல் சொந்த மெமரி வினாடிக்கு 272 ஜிபி. மதர்போர்டோடு பேச அந்தக் கார்டுக்கு எட்டு லேன் (டேட்டாத் தடம்) மட்டும்தான். பழைய, பிசிஐஇ மூன்றாம் தலைமுறை மதர்போர்டில் போட்டால் ரேமை எட்டும் பாதை வினாடிக்கு 8 ஜிபிக்கும் கொஞ்சம் கீழே. முப்பதுமடங்குக்கு மேல் வித்தியாசம். டெக்ஸ்சரை அல்ட்ராவில் வைத்து 8 ஜிபி தாண்டினால் எஃப்பிஎஸ் சரியும், சதவீதம் சில கேம்களில் 99-லேயே நிற்கும், சிலவற்றில் 50-க்கு விழும். இரண்டிலும் வாட் மட்டும் தவறாமல் இறங்கும். ஷேர்டு எண் ஏறி, வாட் இறங்கினால் டெக்ஸ்சரை ஒரு படி குறைப்பதுதான் மருந்து. ஷேடோவையும் ரிஃப்ளெக்ஷனையும் குறைத்துக்கொண்டிருப்பதில் பெரிதாகப் பிரயோஜனம் இல்லை.

வீட்டிலேயே மொழி மாதிரிகளை (எழுத்தைத் தானே உருவாக்கும் ஏஐ) ஓட்டிப் பார்க்கும் மாணவர்கள் இதை இன்னும் தெளிவாகக் காணலாம். 7 பில்லியன் அளவு மாதிரி 4 பிட்டில் சுமார் நாலரை ஜிபி. 12 ஜிபி 3060-ன் மெமரி வேகம் வினாடிக்கு 360 ஜிபி. ஒவ்வொரு டோக்கனுக்கும் (சொல்துண்டுக்கும்) மாதிரி முழுவதையும் ஒருமுறை படித்தாக வேண்டும். 360-ஐ நாலரையால் வகுத்தால் வினாடிக்கு 80 டோக்கன், அதுவே உச்சவரம்பு. அப்போது மீட்டர் 95-க்கு மேல் இருக்கும், ஆனால் கணக்குப் போடும் கோர்கள் மெமரிக்காகக் காத்துக்கொண்டிருக்கும். மாதிரி விரேமில் அடங்காமல் பாதி ப்ராசசர் பக்கம் போய்விட்டால் மீட்டர் 20, 30 என்று சரியும். இந்த மாதிரிகளை ஓட்டும் ஓலாமா மென்பொருளைப் பயன்படுத்துபவர்கள் அதன் பிஎஸ் கட்டளையைத் தட்டினால் எத்தனை சதவீதம் சிபியுவில், எத்தனை ஜிபியுவில் என்று ஒரே வரியில் வரும். 100 சதவீதம் ஜிபியு என்று வராவிட்டால் சின்ன மாதிரிக்குப் போவதோ கான்டெக்ஸ்ட் நீளத்தைக் குறைப்பதோதான் வழி; டிரைவரைத் திரும்பப் போடுவதால் ஒன்றும் ஆகாது.

ஜனவரியின் 99, ஜூனின் 99

டெல்லியில் இருப்பவர்களுக்கு இந்தப் பாடம் இலவசம். ஜனவரி இரவில் அறைக்குள் 14 டிகிரி, ஜூன் மதியம் கூலர் ஓடியும் 36. ஃபேன் ஒரே வேகத்தில் சுற்றினால் அந்த 22 டிகிரியும் அப்படியே கார்டின் மேல் ஏறும். கார்டு சூடாக ஆக, என்விடியா பூஸ்ட் வேகத்தை 15 மெகாஹெர்ட்ஸ் படிகளாக ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வரும். அதே கேம், அதே காட்சி, இரண்டு மாதத்திலும் 99; கிளாக் மட்டும் கீழே. ஏன் குறைந்தது என்று கார்டையே கேட்கலாம். ஜிபியு-இசட் என்ற மென்பொருளின் சென்சர்ஸ் பக்கத்தில் பெர்ஃப்கேப் ரீசன் என்ற வரி இருக்கிறது: தெர்மல் என்றால் சூடு, பவர் என்றால் வாட் வரம்பு, விரெல் என்றால் வோல்டேஜ் எல்லை, யூட்டில் என்றால் போதுமான வேலை வரவில்லை. கேமில் பவர் அல்லது விரெல் என்று வருவது ஆரோக்கியம். தெர்மல் என்று வந்தால் கேபினெட்டைத் திறந்து பாருங்கள். மே மாதத்து லூ காற்று கொண்டுவந்த மண் ஹீட்சிங்க் துடுப்புகளை மெத்தை போல அடைத்திருக்கும். ஊதும்போது ஃபேன் சுற்றாதபடி விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும். இன்னொன்று, டெசர்ட் கூலருக்கு நேர் எதிரே கேபினெட்டை வைக்காதீர்கள். குளிர்ச்சிதான், ஆனால் ஈரமும் உப்புத் தண்ணீரின் படிவும் சேர்ந்தே வரும்.

லேப்டாப்பில் இதே 99 இன்னும் மோசமாக ஏமாற்றும். ஆர்டிஎக்ஸ் 4060 லேப்டாப் சிப்புக்கு என்விடியா விதித்திருக்கும் வாட் எல்லை 35-லிருந்து 115 வரை. எங்கே நிறுத்துவது என்பது லேப்டாப் செய்பவரின் முடிவு. பெயர் ஒன்று, ஸ்டிக்கர் ஒன்று, சதவீதம் இரண்டிலும் 99, எஃப்பிஎஸ் மட்டும் எங்கோ. வாங்கும் முன் விளம்பரத் தாளில் டிஜிபி (கார்டின் மொத்த வாட் எல்லை) எத்தனை என்று பார்த்தே தீர வேண்டும். சார்ஜரைக் கழற்றிவிட்டு ஆடினால் வாட் விழுவது எல்லா லேப்டாப்பிலும் உண்டு.

யுபிஎஸ் விஷயத்திலும் சதவீதம் உதவாது. 600 விஏ யுபிஎஸ் பெரும்பாலும் 360 வாட்தான் தாங்கும். கார்டு 170, ப்ராசசர் 90, மானிட்டர் 25, மற்றவை ஒரு 40 என்று கூட்டினாலே விளிம்புக்கு வந்துவிடுகிறோம். கரண்ட் போன அந்த நொடியில் கேம் ஓடிக்கொண்டிருந்தால் யுபிஎஸ் கீச்சென்று கத்திவிட்டு அணைந்துவிடும். யுபிஎஸ் கெட்டுவிட்டது என்று மாற்றுபவர்கள் 1000 விஏவாக மாற்றினால் சரி, அதே 600-ஐத் திரும்ப வாங்குவது வீண்.

பழைய கார்டும் அறியாத விருந்தாளியும்

2022 செப்டம்பரில் எத்தீரியம் என்ற கிரிப்டோ நாணயம் மைனிங் முறையை (கார்டுகளைக் கணக்குப் போடவிட்டு நாணயம் ஈட்டுவதை) கைவிட்டதும் மைனிங்கில் ஓடிய கார்டுகள் மூட்டை மூட்டையாகப் பழைய மார்க்கெட்டுக்கு வந்தன. இன்றும் நேரு பிளேஸ் மாடிக் கடைகளில் பழைய கார்டு கேட்டால் கார்டைத் திணறடிக்கும் ஃபர்மார்க் சோதனையை ஓட்டி, "தேக்கியே, பூரா ஸௌ பர்சென்ட்" (பாருங்கள், முழு நூறு சதவீதம்) என்று காட்டுவார்கள். அந்த நூறால் ஒரு உபயோகமும் இல்லை. உயிரோடு இருக்கும் எந்தக் கார்டும் ஃபர்மார்க்கில் நூறு காட்டும். இரண்டு நிமிடத்தில் நிறுத்த விடாமல் பதினைந்து நிமிடம் ஓடவிடச் சொல்லுங்கள். ஜிபியு-இசட்டில் வாட் அந்த மாடலுக்கு உரிய எல்லையைத் தொடுகிறதா, ஜிபியு டெம்பரேச்சருக்கும் ஹாட்ஸ்பாட்டுக்கும் (சிப்பின் மிகச் சூடான புள்ளி) எத்தனை இடைவெளி என்று பாருங்கள். 15 டிகிரிக்குள் என்றால் நிம்மதி. 30-ஐ நெருங்கினால் பேஸ்ட் காய்ந்திருக்கிறது அல்லது ஹீட்சிங்க் சரியாக உட்காரவில்லை. விலையில் அதைக் கழிக்கப் பேசலாம். கார்டைக் கையில் வாங்கி ஃபேனை விரலால் மெல்லத் தள்ளிப் பார்ப்பதும் நல்லது, கரகரப்பு இருந்தால் அங்கேயே தெரிந்துவிடும்.

நீங்கள் கொடுக்காத வேலையைக் கார்டு செய்யும் சந்தர்ப்பமும் உண்டு. காசு கொடுக்காமல் இறக்கிய கேமோடு சேர்ந்து வரும் மைனர், நீங்கள் எழுந்து போனதும் கார்டை முழு வேகத்தில் ஓட்டும். டாஸ்க் மேனேஜரைத் திறந்தால் ஒளிந்துகொள்ளும். திறந்த மாத்திரத்தில் ஃபேன் அடங்கினால் சந்தேகப்படலாம். இதைப் பிடிக்க டாஸ்க் மேனேஜர் வேண்டாம். ஹெச்டபிள்யூஇன்ஃபோவின் சென்சர் பதிவை ஒரு ஃபைலில் எழுதவிட்டு, கம்ப்யூட்டரைச் சும்மா விட்டுவிட்டு, ஒரு மணிநேரம் கழித்து வாட் பத்தியைப் பார்த்தால் போதும். 15-ல் கிடக்க வேண்டிய கோடு 100-க்கு மேல் தொங்கினால், விண்டோஸ் டிஃபெண்டரின் ஆஃப்லைன் ஸ்கேனை ஓட்டி, அதிலும் தீராவிட்டால் மொத்தமாக அழித்துப் போட வேண்டியதுதான்.

வாட்டைப் பார்க்கப் பழகியவர்களுக்கு மின்சாரக் கணக்கும் தானாக வந்துவிடும். 170 வாட் தினம் நாலு மணிநேரம் என்றால் 0.68 யூனிட், மாதத்துக்கு இருபதுக்குக் கொஞ்சம் மேல். கார்டு மட்டும்தான் இது. ராத்திரி முழுக்க ரெண்டருக்கோ மாதிரிப் பயிற்சிக்கோ விட்டால், மொத்த சிஸ்டமும் 300 வாட் இழுத்து எட்டு மணிநேரத்தில் 2.4 யூனிட், முப்பது நாளில் 72. டெல்லியில் மானியத்துக்கான 200 யூனிட் கோட்டை ஒட்டி வாழும் குடும்பங்களில் இந்த 72 வீட்டுச் சண்டைக்குப் போதுமானது. ஆஃப்டர்பர்னரில் பவர் லிமிட்டை 75-க்கு இழுத்துவிட்டால் 3060 சுமார் 128 வாட்டில் நின்றுவிடும். சதவீதம் அதே 99 காட்டும், வேகம் கொஞ்சம்தான் குறையும், ஃபேன் சத்தமும் அடங்கும். விண்டோஸ் தொடங்கும்போதே அமலாகும் குறியை அதே திரையில் அழுத்திவைக்க மறக்க வேண்டாம், இல்லாவிட்டால் ரீஸ்டார்ட் ஆனதும் பழையபடி 170-க்குப் போய்விடும்.